தொடக்கப் பள்ளியில் நிலநூல்: நம் பிள்ளைகள் கற்ற வரலாறு

பூகோளம் என்றும், நிலநூல் என்றும், பின்னர்ப் புவியியல் என்றும் பெயர் பெற்ற பாடத்தைச் சிறு பிள்ளைகளுக்குக் கற்பித்த வரலாற்றை இவ்வெள்ளிவிழா மலரில் எழுத முற்பட்டது சிலருக்கு வியப்பளிக்கலாம். தலைவர்தம் தொண்டு, இட ஒதுக்கீடு, உயர்கல்வி ஆகியவை பற்றி எழுதத் தக்கார் பலர் உளர். ஐந்தாம் வகுப்புக்குள் அடங்கிவிடும் ஒரு பாடத்தை நாம் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. எழுத்தும் எண்ணும் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொது. அகரம் ஊரிலும் அகரமே, சேரியிலும் அகரமே. ஆனால் "உன் ஊரின் படத்தை வரைக" என்று ஆசிரியர் கூறும் அந்த ஒரு நாளில், ஒரே பலகையில் அமர்ந்திருக்கும் இரு பிள்ளைகள் இரு வேறு படங்களை வரைய நேர்கிறது. ஒருவன் தன் வீட்டைக் கோயிலுக்கு அருகில் வரைகிறான். மற்றவன் தன் வீட்டைத் தாளுக்குள் வரைவதா, தாளின் ஓரத்தில் வரைவதா, வரையாமலே விடுவதா என்று திகைக்கிறான். வேறெந்தப் பாடமும் நம் பிள்ளையை இவ்வாறு நிறுத்திக் கேட்பதில்லை.

நிலத்தைச் சொல்லால் படம்பிடித்து வைக்கும் வழக்கம் தமிழகத்தில் மிகப் பழையது. முதலாம் இராசராசன் (985-1014) தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ஊர்களை அளித்தபோது, அவ்வூர்களில் வரி நீங்கிய இடங்களை ஒவ்வொன்றாக எண்ணிக் கல்லில் வெட்டுவித்தான். ஊர் நத்தம், கோயில், குளம், ஊடறுத்துச் செல்லும் வாய்க்கால், கம்மாணச்சேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி, சுடுகாடு என அப்பட்டியல்கள் விரிகின்றன. அக்காலத்தில் சேரி என்பது குடியிருப்புப் பகுதி எதற்கும் பொதுவான சொல். அந்தணர் ஊராகிய உத்தரமேரூரும் சேரிகளாகவே பிரிக்கப்பட்டிருந்தது. ஒரு சொல் எவ்வாறு இழிந்து ஒரு சாரார்க்கே உரியதாயிற்று என்பது தனியே ஆராயத்தக்கது. ஈண்டு நாம் கருதுவது வேறு. வரிக்கணக்கின் பொருட்டேனும் சோழன் தன் கல்லில் நம் குடியிருப்புக்கு ஓர் இடம் கொடுத்தான். ஆயிரம் ஆண்டு கழித்து அச்சிட்ட பள்ளிப் பாடநூல்களின் 'நம் ஊர்' பாடத்தில் அந்த இடமும் இல்லாமற் போயிற்று.

அந்நிலத்தைக் காலால் அறிந்தவர் யாவர்? ஊர்ப்பணி செய்த வெட்டியானும், ஏரிநீரை வயல்தோறும் பகிர்ந்துவிட்ட நீர்க்கண்டியும் பெரும்பாலும் நம்மவரே. எந்த மடையைத் திறந்தால் எத்தனை நாழிகையில் கடைமடைக்கு நீர் சேரும், எந்த வரப்புக்கு அப்பால் அடுத்த ஊரின் நிலம் தொடங்கும் என்பவற்றை ஏட்டில் எழுதாமல் நெஞ்சில் வைத்திருந்தவர் அவர். ஊர்களுக்கிடையே எல்லை வழக்கு எழுந்தால் பறையரின் சொல்லே சான்றாக ஏற்கப்பட்டது என்பதை 19ஆம் நூற்றாண்டின் ஆங்கில அதிகாரிகள் குறித்து வைத்துள்ளனர். தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி 1909இல் வெளிவந்த தர்ஸ்டனின் தொகுதிகளிலும் இச்செய்தி உண்டு. மைசூர்ப் பகுதியில் ஹொலையர் குலத்து ஊர்ப்பணியாளர் தலையில் மண்ணுருண்டையைச் சுமந்து எல்லை நெடுக நடப்பார். அவர் எல்லை பிறழாது நடந்தால் உருண்டை முழுமையாக நிற்கும், பிறழ்ந்தால் சிதறும் என்று நம்பினர். ஊர்த் தெருவில் நடக்கக் கூடாது என்று தடுக்கப்பட்டவரின் நடையே, ஊரின் எல்லை எது என்று முடிவு செய்யும் சான்றாக இருந்தது. இம்முரண்பாட்டை நம் இளைஞர்கள் ஒருமுறையேனும் நின்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

திண்ணைப் பள்ளிகளில் நிலநூல் என்றொரு தனிப் பாடம் இருந்ததில்லை. எண்சுவடி, ஆத்திசூடி, நிகண்டு, சதகம் ஆகியவற்றோடு குழிமாற்று என்னும் வாய்பாடும் கற்பிக்கப்பட்டது. நிலத்தின் நீள அகலங்களைப் பெருக்கிக் குழிக்கணக்குக் காண்பதற்குரியது அது. நிலம் உடையார் பிள்ளைகளுக்கு அது பயன்பட்டது. 1822இல் தாமஸ் மன்றோ ஆணையிட்டுத் திரட்டிய கணக்கின்படி சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவரும் இருந்தனர். தரம்பால் 1983இல் இக்கணக்குகளைத் தொகுத்து வெளியிட்ட பின், ஆங்கிலேயர் வருமுன் எல்லாரும் கற்றனர் என்று பேசுவோர் மிகுந்துவிட்டனர். அக்கணக்கின் தலைப்புகளை நோக்குக: பிராமணர், வைசியர், சூத்திரர், பிற சாதியார், முஸ்லிம்கள். பறையர், பள்ளர், சக்கிலியர் என்ற தலைப்பு அங்கில்லை. 'பிற சாதியார்' என்ற ஒரு கூடைக்குள் யார் யார் அடைக்கப்பட்டனர் என்பதைக் கேளாமல் அக்கணக்கைக் கொண்டு மகிழ்வதற்கு நமக்கு உரிமை இல்லை.

இன்னுமொரு செய்தி. சென்னை எழும்பூரில் படைவீரரின் ஆதரவற்ற மகன்களுக்கான இல்லத்தில் 1789 முதல் கண்காணிப்பாளராக இருந்த ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், திண்ணைப் பள்ளிச் சிறுவர் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு அம்முறையைத் தம் இல்லத்தில் புகுத்தினார். மூத்த மாணவன் இளையவனுக்குக் கற்பிக்கும் சட்டாம்பிள்ளை முறையும் அங்குப் பின்பற்றப்பட்டது. 1797இல் அவர் எழுதிய சிறு நூலால் அது 'சென்னை முறை' என்று இங்கிலாந்தில் புகழ் பெற்றது. அதே பெல் 1816இல் சுவிட்சர்லாந்தின் இவர்தோன் நகருக்குச் சென்று பெஸ்டலாசியைக் கண்டார். இருவர்க்கும் கருத்து ஒன்றவில்லை. ஏன் ஒன்றவில்லை என்பதே நிலநூற் கல்வி வரலாற்றின் திறவுகோல் எனலாம். பெல்லின் முறையில் பிள்ளை கேட்டதைத் திருப்பிச் சொல்லும். பெஸ்டலாசியின் பள்ளியிலோ, பிள்ளைகளை ஒரு சிறு ஆற்றின் பள்ளத்தாக்குக்கு நடத்திச் சென்று, அதை நன்கு பார்க்கச் செய்து, அங்கிருந்தே களிமண்ணை எடுத்துவரச் சொல்வர். திரும்பி வந்து அம்மண்ணாலேயே பள்ளத்தாக்கின் வடிவைப் பிள்ளைகள் செய்வர். மீண்டும் போய்ப் பார்ப்பர், விட்டதைச் சேர்ப்பர். அதன் பிறகே நிலப்படம் கண்ணுக்குக் காட்டப்படும். அப்பெஸ்டலாசி முன்னர் ஸ்டான்ஸ் ஊரில் போரால் அநாதைகளான ஏழைப் பிள்ளைகளோடு வாழ்ந்து கற்பித்தவர் என்பதையும் நினைவிற் கொள்க. புதிய நிலநூலை வகுத்த செருமானியர் கார்ல் ரிட்டர் அவர்பால் பெரிதும் கற்றவர்.

தமிழகத்துக்கு வந்தது பெல்லின் வழியே. 1802இல் லாம்டன் பரங்கிமலைக்கருகே ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டை அளந்து இந்தியப் பெருநில அளவையைத் தொடங்கினார். நாட்டின் படம் ஆண்டுதோறும் திருத்தமாயிற்று. தஞ்சையில் இரண்டாம் சரபோசி (1798-1832) மராத்தியில் இயற்றிய தேவேந்திரக் குறவஞ்சியில் உலகின் கண்டங்களையும் நாடுகளையும் எடுத்துரைப்பவள் குறத்தி. மலைக்குடிப் பெண் ஒருத்தி அரசவையோர்க்கு உலக நிலநூல் கற்பிப்பதாக ஓர் அரசன் எழுதினான்; அக்குறத்தியின் உண்மையான மக்கள் எந்தப் பள்ளியிலும் அமர்ந்ததில்லை. 1832இல் இரேனியஸ் ஐயர் 'பூமி சாஸ்திரம்' என்னும் நூலைத் தமிழில் வெளியிட்டார். பின்னர் ஒவ்வொரு ஜில்லாவுக்கும் 'ஜில்லா பூகோளம்' என்று சிறு நூல்கள் எழுந்தன. தாலுகாக்கள் எவை, ஆறுகள் எவை, விளைபொருள்கள் எவை என்று வினா விடையாக அவை அமைந்திருந்தன. பிள்ளைகள் முனைகளையும் குடாக்களையும் மந்திரம்போல் ஒப்பித்தனர். தன் ஊர் ஏரி எத்திசையில் உள்ளது என்று அறியாத பிள்ளை நன்னம்பிக்கை முனையை அறிந்திருந்தது. இவ்வழக்கம் முற்றாக ஒழிந்துவிட்டது என்று சொல்ல நமக்குத் துணிவு வரவில்லை.

மராட்டியத்தில் நிகழ்ந்த ஒன்றை இங்கே சொல்லாமல் செல்ல இயலாது. 1848இல் சோதிராவ் புலேயும் சாவித்திரிபாயும் பூனாவில் பெண்பள்ளியைத் தொடங்கினர். 1850களின் தொடக்கத்தில் மகார், மாங்கு மக்களின் பிள்ளைகளுக்கும் பள்ளிகள் அமைத்தனர். அப்பள்ளிகளில் எழுத்து, கணக்கு, இலக்கணம் ஆகியவற்றோடு நிலப்படங்களும் கற்பிக்கப்பட்டன. அங்குப் பயின்ற முக்தாபாய் என்னும் மாங்குச் சிறுமி 1855இல் 'ஞானோதயா' இதழில் தம் மக்களின் துயரைக் கட்டுரையாக எழுதினாள். பெரிய மாளிகைகள் எழுப்புவதற்காக எம் மக்கள் தம் நிலங்களிலிருந்து துரத்தப்பட்டனர் என்பது அவள் வைத்த குற்றச்சாட்டுகளுள் ஒன்று. நிலம் யாருடையது, அதிலிருந்து யார் எங்கே போனார் என்று கேட்கும் நிலநூலை அச்சிறுமி எந்தப் புத்தகத்திலும் படித்திருக்க முடியாது.

நம் மாகாணத்தில் அக்கேள்வியை அரசின் காதில் விழச் செய்தவர் செங்கற்பட்டுக் கலெக்டர் திரெமென்கீர். 1891இல் அவர் அளித்த அறிக்கை, பறையர் குடியிருந்த மனைகூட அவருக்குச் சொந்தமாக இல்லாததையும், மிராசுதாரர் நினைத்தபோது குடிசையைப் பிடுங்கி எறிய முடிந்ததையும் விரிவாகக் கூறுகிறது. அதன் பயனாக 1892இல் ஒதுக்கப்பட்டோருக்கு நிலம் வழங்கும் ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் இன்றும் வழங்குவது அதுவே. 1893 பிப்ரவரியில் பஞ்சமர் கல்விக்கென ஓர் ஆணை வந்தது. சேரிகளில் பள்ளி அமைக்கப் புறம்போக்கு நிலம் தரவும், ஆசிரியப் பயிற்சிக்கு உதவித்தொகை அளிக்கவும் அது வழி செய்தது. 1894இல் கர்னல் ஆல்காட் அடையாற்றை அடுத்த ஊரூரில் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அவை ஐந்தாயின. கிறித்தவச் சபைகள் இப்பணியில் முன்னரே இறங்கியிருந்தன. 1916இல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் பள்ளி நிறுவினார். 1920 முதல் தொழிலாளர் துறையின் பொறுப்பில் பள்ளிகள் பெருகின. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் வேர் அங்கே உள்ளது.

பள்ளி எங்கே நிற்கிறது என்பதே அக்காலத்தில் நம் பிள்ளைகளுக்கு முதல் நிலநூற் பாடமாக இருந்தது. பொதுப் பள்ளி பல ஊர்களில் அக்கிரகாரத்திலோ, கோயில் மண்டபத்திலோ, சாவடியிலோ நடந்தது. பள்ளி எல்லார்க்கும் திறந்தது என்று சட்டம் சொல்லும். பள்ளிக்குப் போகும் தெரு திறந்ததன்று. நம்மவர் நுழைய முடியாத இடங்களிலிருந்து பள்ளிகளை அகற்ற வேண்டும் என்று அரசே 1919ஐ ஒட்டி ஆணையிட நேர்ந்தது. 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் பொதுத்தெரு, கிணறு முதலியவற்றை எல்லா வகுப்பாரும் பயன்படுத்தலாம் என்ற தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்தார். வரலாற்று நூல்களில் இதை உரிமைப் போராட்டம் என்ற தலைப்பில் வைப்பர். ஆறு வயதுப் பிள்ளையின் பக்கம் நின்று பார்த்தால், வீட்டிலிருந்து பள்ளிக்கு ஒரு நேர்வழி வேண்டும் என்று கேட்ட தீர்மானம் அது. நம் தலைவர்களுள் எம்.சி. ராஜா பள்ளி ஆசிரியராக இருந்தவர் என்பதால், இவ்வேதனையை அவர் வகுப்பறைக்குள் நின்றே கண்டிருப்பார்.

விடுதலைக்குப் பின் பள்ளிகள் பெருகின. 1956இல் மதிய உணவுத் திட்டம் பரவத் தொடங்கியபின் நம் பிள்ளைகள் பெருந்தொகையாய் வந்தனர். பாடமும் அருகிலிருந்து தொலைவுக்குச் செல்லும் முறையில் வகுக்கப்பட்டது: வகுப்பறை, பள்ளி, ஊர், மாவட்டம், மாநிலம், நாடு. 1975இல் தேசியக் கல்வி ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட பாடத்திட்ட வரைவு, தொடக்க வகுப்புகளில் நிலநூலையும் அறிவியலையும் இணைத்துச் சூழ்நிலையியலாகக் கற்பிக்கக் கூறிற்று. எனினும் ஓராசிரியர் பள்ளிகளில் உலக உருண்டை என்பது கேள்விப்பட்ட பொருளாகவே இருந்தது. இருந்த இடத்திலும் அது தலைமையாசிரியர் அலமாரியில் பூட்டுண்டிருக்க, ஆய்வாளர் வரும் நாளில் மட்டும் மேசைக்கு வந்ததை நம்மில் மூத்தோர் பலர் கண்டுள்ளோம். நம் விரல் பட்டால் அது தீட்டாகும் என்று ஒருவர் வெளிப்படையாகவே கூறிய பள்ளியும் உண்டு. 1987இல் தொடங்கிய கரும்பலகைத் திட்டத்தின் கீழ்தான் நாடெங்கும் தொடக்கப் பள்ளிகளுக்கு உருண்டையும் நிலப்படங்களும் பொருட்பட்டியலில் சேர்க்கப்பட்டன.

அருகிலிருந்து தொலைவுக்கு என்ற கொள்கை நல்லதே. ஆனால் அது ஒன்றை மறைமுகமாக எடுத்துக்கொள்கிறது: பிள்ளைக்கு அருகில் இருப்பதெல்லாம் பிள்ளைக்கு இனியது என்று. நம் பிள்ளைக்கு அருகில் இருப்பது கோயில் நுழைவில்லாத தெரு, தனிக் கிணறு, தனிச் சுடுகாடு, மழை வந்தால் முதலில் நீர் ஏறும் தாழ்ந்த மனை. பாடநூலின் ஊரிலோ கோயிலும், கடைத்தெருவும், அஞ்சலகமும், பச்சை வயலும் ஒரே சாலையில் வரிசையாக நிற்கின்றன. அந்தப் படத்தைப் பார்த்து வரைந்த பிள்ளை நல்ல மதிப்பெண் பெறும். கண்டதை வரைந்த பிள்ளை ஆசிரியருக்குச் சங்கடம் தரும். சங்கடத்தைத் தவிர்க்கும் பொருட்டு ஊர்ப்படம் வரையும் பயிற்சியையே கைவிட்டு நேரே மாவட்டப் படத்துக்குத் தாவிய ஆசிரியர்கள் உண்டு. அவர்களுள் சிலர் நம் பிள்ளைகளைக் காப்பதாக எண்ணியே அவ்வாறு செய்தனர். அந்நல்லெண்ணத்தை நாம் மதிக்கிறோம். முறையை ஏற்க இயலாது. வரையாத இடம் இல்லாத இடமாகிவிடும். 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் தமிழக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். பெயர் மாறுவது வரவேற்கத்தக்கது. அப்பெயருக்குரிய இடம் எந்தத் திசையில், எவ்வளவு தொலைவில், எந்த மட்டத்தில் வைக்கப்பட்டுள்ளது என்பதைப் படமே சொல்லும்.

ஆகவே நம் மாலைநேரப் பள்ளிகளில் கற்பிக்கும் இளைஞர்களுக்குச் சிலவற்றைக் கூற விரும்புகிறோம். திசையிலிருந்து தொடங்குக. ஞாயிறு கிழக்கே உதிக்கிறது என்று ஒப்பிக்கச் செய்வதைவிட, முற்றத்தில் ஒரு குச்சியை நட்டு நிழலின் நுனியைக் கூழாங்கல்லால் குறிக்கச் செய்வது மேல். சரியாகக் கிழக்கில் உதிப்பது மார்ச்சு 21, செப்டம்பர் 23 ஆகிய நாள்களை ஒட்டியே. நண்பகல் நிழல் எப்போதும் வடக்கே விழும் என்று வெளிநாட்டு நூல்களைப் பார்த்து எழுதியதை நம்ப வேண்டா. சென்னையில் ஏப்ரல் 24ஐ ஒட்டியும் ஆகஸ்டு 18ஐ ஒட்டியும் நண்பகலில் நட்ட குச்சிக்கு நிழலே இராது. இடைப்பட்ட நாள்களில் நிழல் தெற்கே சாயும். தெற்கே போகப் போக இந்நாள்கள் சிறிது மாறும். புத்தகம் சொல்வதைக் குச்சியைக் கொண்டு சோதிக்கலாம் என்று ஒருமுறை கண்ட பிள்ளை பின்னர் எதையும் சோதிக்கத் துணியும்.

நிலப்படத்தைச் சுவரில் மாட்டுமுன் தரையில் விரித்து வைக்க வேண்டும், படத்தின் வடக்கு உண்மையான வடக்கை நோக்குமாறு. சுவரில் மட்டுமே பார்த்த பிள்ளைக்கு வடக்கு மேலே, தெற்கு கீழே என்று பதிந்துவிடுகிறது. நீர் கீழ்நோக்கித்தானே ஓடும், காவிரி ஏன் கிழக்கே போகிறது என்று அது கேட்கும். கேள்வி நியாயமானதே. அளவை முதலில் காலடியால் கற்பிக்க வேண்டும். வீட்டிலிருந்து குழாய்க்கு எத்தனை அடி, பள்ளிக்கு எத்தனை, சுடுகாட்டுப் பாதைக்கு எத்தனை என்று பிள்ளைகள் எண்ணி வரட்டும். பெஸ்டலாசியின் களிமண் நமக்கு ஏரியிலேயே உண்டு. கரை, மதகு, கலங்கல், வாய்க்கால், கழனி, குடியிருப்பு என்று பிள்ளைகள் மண்ணில் செய்து, மேலிருந்து ஒரு செம்பு நீரை ஊற்றினால், ஐப்பசி மழையில் எந்தத் தெரு ஏன் முதலில் முழுகுகிறது என்பது ஆசிரியர் வாய் திறவாமலே விளங்கும். களர், கரிசல், செம்மண், மடை, வரப்பு, கடைமடை ஆகிய சொற்களுக்கு அகராதி தேட வேண்டா. பிள்ளையின் பாட்டியைக் கேட்டால் போதும். பேராசிரியர் கில்பர்ட் சிலேட்டர் 1916இல் தம் மாணவர்களைக் கொண்டு இருவேல்பட்டு, பாலக்குறிச்சி, தூசி முதலிய ஊர்களை வீடு வீடாக ஆராய்ந்து 1918இல் நூலாக்கினார். கல்லூரி மாணவர் செய்ததைச் சிறு அளவில் ஐந்தாம் வகுப்பும் செய்யலாகும்.

இறுதியாக, பெரியவர்களும் பிள்ளைகளோடு அமர்ந்து கற்க வேண்டிய ஒன்று உண்டு. ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் புலப்படம் உண்டு. அதில் பக்கங்களின் நீளமும், கற்களின் இடமும், அருகிலுள்ள எண்களும் குறிக்கப்பட்டிருக்கும். கிராமப் படத்தில் அந்த எண்கள் எல்லாம் ஒன்றுசேர்ந்து காணப்படும். 'அ' பதிவேட்டில் அந்நிலம் பட்டாவா, புறம்போக்கா, நத்தமா, நிபந்தனையோடு வழங்கியதா என்ற குறிப்பு இருக்கும். இவை கிராம நிர்வாக அலுவலரிடமும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் உள்ளன. பலவற்றை அரசின் இணையவழிச் சேவையிலும் காணலாம். பஞ்சமி நிலத்தைப் பத்தாண்டுகளுக்கு விற்றல் ஆகாது, அதன் பின்னும் ஒதுக்கப்பட்ட வகுப்பாருக்கு அன்றிப் பிறருக்கு விற்றல் ஆகாது என்பது நிபந்தனை. அந்நிலம் பிறர் கைக்குப் போனதற்கு வன்முறையும் வறுமையும் காரணம். படத்தையும் பதிவேட்டையும் படிக்கத் தெரியாமையும் காரணம். செங்கற்பட்டு மாவட்டம் காரணையில் 1994 அக்டோபர் 10ஆம் நாள் பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தின்போது காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இரு இளைஞர் உயிர் நீத்தனர். அவர்கள் கேட்டது நூறாண்டுக்கு முன் அதே மாவட்டத்தின் கலெக்டர் எழுதி வாங்கித் தந்த நிலத்தை.

புலப்படத்தைப் படிக்க நான்காம் வகுப்புக் கணக்கு போதும். படத்தைக் கையில் ஏந்தி, நிலத்துக்குச் சென்று, கல் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். பல இடங்களில் கல் மண்ணுக்குள் புதைந்திருக்கும். சில இடங்களில் பிடுங்கி எறியப்பட்டிருக்கும். எந்தப் பனைமரத்துக்கு நேரே எத்தனை அடியில் கல் இருந்தது என்று காட்டவல்ல முதியவர் இன்னும் சில சேரிகளில் இருக்கின்றனர். அவர்களோடு நடக்கும்போது நாடாவின் ஒரு நுனியைப் பிடிக்க ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியையும் உடன் அழைத்துச் செல்க.